இடப்பக்கத் தட்டு

என் நோயின் முதல் அறிகுறி, அன்று வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதுதான். வலி இல்லை, மயக்கம் இல்லை. லேசாகத் தலை பாரமாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

இண்டூர் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னால் என் சூளை. எங்கள் பகுதியில் உழும்போது முதுமக்கள் தாழியின் (இறந்தவர்களைப் புதைத்த பழங்காலப் பெரிய ஜாடி) துண்டுகள் இப்போதும் மேலே வரும். அவற்றை நான் தொடுவதில்லை. அதே வடிவத்தில் புது ஜாடி வனைந்து, சுட்டு, அடிப்பாகத்தை விட்டுவிட்டு மேலே நானே உடைப்பேன். பாதித் துண்டுகளை மரத்தூள் புகையில் மறுபடி சுட்டுக் கறுப்பாக்குவேன். பிறகு ஒட்ட வேண்டும். வலப்பாதி சிவப்பு, இடப்பாதி கறுப்பு. கடைசியில் உள்ளங்கையளவு இடத்தை மூடாமல் விட்டுவிடுவேன். மண்ணிலிருந்து வரும் எந்த ஜாடியும் முழுதாக வருவதில்லை, அதனால். "ஓட்டை ஜாடிய விக்கிறவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்" என்று என் கணவர் கேலி செய்வார்.

ஒட்டும்போது வலப்பக்கத் தட்டில் சிவப்புத் துண்டுகள், இடப்பக்கத் தட்டில் கறுப்புத் துண்டுகள் இருக்கும். அன்று வலப்பக்கத் தட்டு காலியானதும், ஜாடி முடிந்தது என்று எழுந்து கை கழுவினேன். மனசு நிறைவாக இருந்தது. தக்காளித் தோட்டத்துக்குக் கிளம்பிய கணவர் எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தடவ ஓட்டைய பெருசா வுட்டுட்ட போல. இதுவும் அழகாத்தான் இருக்குது."

எந்த ஓட்டையைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் வாயிலிருந்து பாராட்டு வருவதே அபூர்வம். எதற்குக் கிளறுவது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட உட்கார்ந்தோம்.

"சோத்த ஏன் பாதி வெச்சிருக்க? வவுறு சரியில்லையா?"

"எங்கங்க? எல்லாம் தின்னுட்டேனே."

அவர் என் தட்டைச் சுற்றித் திருப்பி வைத்தார். சோறு இருந்தது. நான் ஆச்சரியப்பட்டேன். காலையில் பார்த்த ஜாடி அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க எழுந்தார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பூ வரையச் சொன்னார். வரைந்தேன். பாதிப் பூதான் இருக்கிறது என்றார்கள். டாக்டர் என் இடது கையைத் தூக்கி வலப்பக்கமாகக் கொண்டுவந்து காட்டினார்.

"இது யாரோட கைங்கம்மா?"

"தெரியலைங்க. நர்ஸம்மாவோடதா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது). அடைப்பு மூளையின் வலப்பாதியில், இடப்பக்கத்தைக் கவனிக்கும் பாதி அது. அதனால் நெக்லெக்ட் (ஒரு பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூளை கணக்கில் சேர்க்காமல் விடுவது). கண்ணில் ஒரு குறையும் இல்லை.

"காலையிலயே வந்திருந்தா அடைப்பக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம். இப்ப நேரம் தாண்டிருச்சுங்க" என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார்.

"காலையில நான் பாத்தேனுங்க. அழகா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

டாக்டர் பாவம், எதை அழகு என்கிறார் என்று குழம்பியிருப்பார். ஜாடியைப் பற்றி நாங்கள் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

வாய் கோணும், கை கால் இழுத்துக்கொள்ளும் என்றுதான் நாம் எல்லோரும் காத்திருக்கிறோம். இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். தட்டில் ஒரு பக்கத்துச் சோறு மட்டும் திடீரென்று மிச்சமிருந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

ஒரு வருடம் ஆகிறது. இயன்முறை சிகிச்சையில் (பயிற்சி கொடுத்து உறுப்புகளைப் பழக்குவது) தளர்ந்துபோயிருந்த இடது கைக்கு ஓரளவு பலம் வந்துவிட்டது. இடப்பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. பயிற்சி தரும் பெண் என் இடது மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறாள். "நாடா தெரியற வரைக்கும் கழுத்தத் திருப்புங்கம்மா" என்பாள். திருப்பினால் தெரிகிறது. திருப்ப வேண்டும் என்று தோன்றுவதில்லை, வியாதியே அதுதான். இல்லாத ஒன்றை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறது. காரிமங்கலம் பஸ்ஸின் பெயர்ப்பலகை எனக்கு வெறும் 'மங்கலம்'. எரிச்சலில் அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டு, அவள் போனபின் அழுகிறேன்.

போன வாரம் கணவர் அந்த ஜாடியைத் தூசி துடைத்து என் முன்னால் வைத்தார். கறுப்புத் துண்டுகள் தட்டில் அப்படியே இருந்தனவாம்.

"நானே ஒட்டிறட்டுமா?"

"ஒட்டுங்க."

மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து ஒட்டினார். பசை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே, "இப்பப் பாரு" என்றார்.

"நல்லா இருக்குதுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "கறுப்பு தெரியுதா?"

கழுத்தைத் திருப்பினேன். தெரிந்தது. பசை வழிந்திருந்தது, துண்டுகள் கோணலாக நின்றன. நான் வழக்கமாக விடும் அந்த உள்ளங்கையளவு இடத்தையும் விடாமல் அடைத்திருந்தார்.

"தெரியுதுங்க" என்று சொல்ல, வலப்புறம் இருந்த அவரிடம் திரும்பினேன். அதற்குள் கறுப்பு போய்விட்டது. என் கண்ணுக்கு அது அன்று காலையிலேயே முடிந்துவிட்ட ஜாடி.