சிவப்பைச் சிவப்பென்றே சொன்ன சகாயமேரி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரத்தில் வண்டியைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனில் அலுவலக நண்பர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. இருந்தாலும், "என்னது? திரும்பச் சொல்லுங்க" என்றேன். திரும்பச் சொன்னார். மறுபடியும் கேட்டேன். இந்த முறை அவர் அழுதுவிட்டார். நம் சகாயமேரி காலையில் வீட்டில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. என்ன அநியாயம் இது!

பழைய மாமல்லபுரம் சாலையில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு மேரியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோவளத்து மீனவக் குடும்பத்துப் பெண். தொண்ணூறுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் அரசு ஊழியர் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன், அளந்து பேசுகிறவன். மேரி வாயைத் திறந்தால் மூன்று மேஜை தள்ளிக் கேட்கும். "கஸ்டமர் முன்னாடி கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசும்மா" என்று எங்கள் டீம் லீடர் ஒருமுறை சொன்னார். "இதுக்கு இன்னா சார் கொறச்சல்? அவுங்களுக்குப் புரியுதுல்ல" என்றார் மேரி. கஸ்டமருக்கு நன்றாகவே புரிந்தது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு டீபக்கர். ஓடுகிற புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே எங்கே கோளாறு என்று பார்க்கிற கருவி. அதில் கட்டளையின் முதல் சில எழுத்துகளை அடித்து, கீபோர்டில் டேப் பட்டனைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்; பல சொற்கள் பொருந்தினால் பட்டியல் காட்டும். இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, மனிதன் தட்டுவது போலவே தட்டிப் பார்க்கிற சோதனைகளை எழுதி வைத்திருந்தோம். இரவு முழுக்க அவை தானாக ஓடும். தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு.

அந்த டேப் சோதனைகள் சரியான பேஜாரு. நேற்று பச்சையாக இருந்தது இன்று சிவப்பாகும், நாளை மறுபடி பச்சையாகும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டோம். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் முதலில் வருகிறவர் சிவப்பானவற்றை மறுபடி ஓட்டுவார். பாதி பச்சையாகும். மிச்சத்தை மறுபடி ஓட்டுவார். எல்லாம் பச்சையானதும் டீக்குக் கிளம்புவோம். வாசல் தெளிப்பது மாதிரி அதுவும் ஒரு காலை வேலை, அவ்வளவுதான். மேரிக்கு மட்டும் அது ஆகவே ஆகாது.

"ரெண்டாவது தபா எயுந்துக்கிச்சு, சந்தோசம். மொத தபா ஏன் வுழுந்துச்சு? அத்த சொல்லு நாகு" என்பார். என் பெயர் நாகராஜன். அந்தக் கட்டடத்தில் என்னை நாகு என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். எனக்குப் பதில் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் இரண்டு நொடி சும்மா இருக்கச் சொல்லி முன்பே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதில் சிவப்பு கொஞ்சம் குறைந்ததே தவிர ஒழியவில்லை. "ஒடம்பு சரியில்லாதவன படுக்க வெச்சிட்டா அது வைத்தியமா?" என்று அந்த இரண்டு நொடிகள் அத்தனையையும் மேரி பிடுங்கிப் போட்டார். மறுநாள் திரையெல்லாம் சிவப்பு.

சரக்கு கஸ்டமருக்குப் போக வேண்டிய நேரம் அது. டீம் லீடர் கொதித்துப்போய் வந்தார். "வெறும் டேப் பட்டன்மா. இதை யாரு பார்க்கப் போறா? அந்தச் சோதனைகளையே எடுத்துடு" என்றார். "தப்பு எங்க கீதுன்னு பாக்கறதுக்குத்தான் சார் இந்த டீபக்கரே. அதுல கீற தப்ப பாக்க வாணாம்னா, கடைய மூடிட்டு வூட்டுக்குப் போலாம்" என்றார் மேரி. வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். மேரியும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்; அன்று மாலை பஸ்ஸில் என்னிடம் சொன்னார். அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்த லாரன்ஸின் சம்பளத்தை மட்டும் வைத்து வீடு நடக்காது.

ஆனால் விடவில்லை. அலுவலகத்தில் இருந்ததிலேயே கிழட்டுக் கணினியைத் தேடி எடுத்தார். அதில் வேண்டுமென்றே நாலைந்து பெரிய வேலைகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டார். அது திணறியது. எப்போதாவது விழுந்த சோதனை அங்கே ஓயாமல் விழுந்தது. "ஐயோ, இன்னும் மோசமாக்கிட்டீங்களே மேரி!" என்றேன். "எப்பவாச்சும் வுழறது கையில மாட்டாது. எப்பவும் வுழ வெச்சாதான் புடிக்க முடியும்" என்றார். பிடித்தும் விட்டார். சிவப்பான சோதனைமேல் குற்றமே இல்லை. அதற்கு முன்னால் பச்சையாகத் தேறியதே, அதுதான் குற்றவாளி. டேப்பைத் தட்டி, எதிர்பார்த்த சொல் கண்ணில் பட்டதுமே அது தேறிவிட்டேன் என்று கிளம்பிவிடும். டீபக்கர் பட்டியலின் மீதியை இன்னும் காட்டி முடித்திருக்காது. அந்த மிச்சம் அடுத்த சோதனையின் தலையில் வந்து விழும். அது என்ன செய்யும், பாவம்? பதில் முழுக்க வந்து, அடுத்த கட்டளைக்கான குறி திரையில் தெரிகிறவரை ஒவ்வொரு சோதனையும் காத்திருக்கும்படி மேரி மாற்றி எழுதினார்.

எல்லாம் பச்சையானது, ஒன்றைத் தவிர. அது கிழட்டுக் கணினியிலும் சிவப்பு, புதுக் கணினியிலும் சிவப்பு. நிஜமான பிழை. புரோகிராமின் பகுதிகளுக்கு வைத்த பெயர்கள் ஒரே மாதிரி தொடங்கினால், பட்டியல் காட்டாமல் டீபக்கர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தது. கவனிக்காமல் தட்டுகிறவர் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னால் அது வேறு இடத்தில் போய் நிற்கும். இத்தனை நாளாக நாங்கள் மறுபடி மறுபடி ஓட்டிய கூட்டத்தில் இதுவும் ஒளிந்திருந்தது. அதைச் சரிசெய்ததில் சரக்கு தாமதமாகப் போனது. அந்த வருடப் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மேரி டீமோடு ஒத்துப்போவதில்லையாம். கண் சிவந்து வந்து உட்கார்ந்தவரை நான் பார்த்தேன். "இன்னா பாக்குற? வயித்தெரிச்சல்ல அயுதுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் பல வருடம் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் கோவளத்துக்குப் போனேன். லாரன்ஸ் என்னை உள்ளே உட்காரவைத்தார். மேரியின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நான் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மேரிக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஈசிஜி எடுத்ததில் முதலில் ஏதோ கோணலாக வந்திருக்கிறது. ஒயர் சரியாக ஒட்டவில்லை என்று கழற்றி ஒட்டி மறுபடி எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது நன்றாக வந்திருக்கிறது. வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

"அவ கட்டில வுட்டு எயுந்துக்கல சார். மொதல்ல வந்தது ஏன் அப்டி வந்துச்சுன்னு கேட்டுகினே இருந்தா. சில நேரம் மிஷின் அப்டித்தாம்மா காட்டும்ன்னாங்க. ஒயர் மேல சந்தேகம்னா இன்னோர் தபா பாருங்க, பெரிய டாக்டர கூப்புடுங்கன்னா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. எனக்கு வெக்கமா போச்சு. நான்தான் சார், நல்லா கீதுன்னு சொல்ட்டாங்கல்ல, வா மேரி போலாம்னு கையப் புடிச்சு இஸ்துகினு வந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எல்லாரும் விதின்றாங்க. நீங்க அவகூட வேல செஞ்சவரு. நீங்க சொல்லுங்க சார். நான் இஸ்துகினு வந்தது தப்பா?"

இரண்டாவது நன்றாகத்தானே வந்தது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லியிருக்கலாம். எவனும் அதைத்தான் சொல்வான். அந்த மனிதர் அன்று இரவாவது தூங்கியிருப்பார். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது லாரன்ஸ். ஆனா அவங்க கேட்டது சரியான கேள்வி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நான் சற்று நேரம் இருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

மேரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, சிவப்பைப் பச்சையென்று சொல்ல வராத அந்த வாய்தான். அது நல்ல சொத்து என்று நான் சொல்ல மாட்டேன். லாரன்ஸ் இப்போது என் போனை எடுப்பதில்லை.