பூலாம்பாடியில் ஒரு பொதுச்சுவர்

டிப்ளமோ சிவில் முடித்து, பெரம்பலூரில் சுவர் ஈரம் பார்க்கும் வேலையில் சேர்ந்த புதிது. கையில் ஒரு மாய்ஸ்சர் மீட்டர் கொடுத்திருந்தார்கள். இரண்டு முள்ளையும் சுவரில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று எண் காட்டும். அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் ஊர் ஊராகச் சுற்றிய அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. பூலாம்பாடியை நினைத்தால் மட்டும் முகம் சுடுகிறது.

அங்கே அண்ணன், தம்பி வீடுகள். நடுவில், உள்ளே பொந்துள்ள காங்கிரீட் பிளாக்கில் கட்டிய பொதுச்சுவர். அண்ணன் வீட்டு ஹாலில் அது இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. மகள் கல்யாணத்துக்குள் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அண்ணன் அவசரப்பட்டார். முள்ளைக் குத்தியதும் எண் எகிறியது.

“அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“தம்பி வூட்டு பாத்ரூம் மேடம்.”

“அப்பறம் என்ன? அதான்.”

ஐந்து நிமிட வேலை. மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். “தம்பி பாத்ரூமப் பூட்டி ரெண்டு மாசமாச்சு மேடம். ஈரம் காயவே இல்ல. என்னான்னு வந்து பாருங்க.”

போனேன். என் ஒரு வார்த்தையால் பேச்சு தடித்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றிருந்தது. தம்பி குடும்பம் குளிப்பதற்குக் கொல்லையில் கீற்று மறைப்புக் கட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்த அண்ணன், தம்பிக்கு வைக்கவில்லை.

இந்த முறை சுவர் முழுக்க அடிக்கு ஓர் இடமாகக் குத்திப் பார்த்தேன். பாத்ரூம் ஈரமென்றால் மேலே போகப்போகக் குறைய வேண்டும். இது கூடிக்கொண்டே போனது. தலைக்கு மேலே, அவர்கள் அப்பா படத்துக்குப் பின்னால்தான் உச்சம். படத்தைக் கழற்றிப் பார்த்தால் ஆணி துருவேறி நனைந்திருந்தது. கொத்தனாரை விட்டுக் கொத்தினோம். மாடித் தொட்டியிலிருந்து அண்ணன் சமையலறைக்கு இறங்கும் பைப்பில் ஆணி குத்தி நின்றது. கசிந்த தண்ணீர் பிளாக்கின் பொந்துகள் வழியே இறங்கிக் கீழே ஊறியிருந்தது.

“ஆணி யாரு அடிச்சது?”

“நான்தான் மேடம். அப்பா தெவசத்தன்னிக்கி அடிச்சேன்.” அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பைப்பை மாற்றுங்கள், உப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள், நன்றாகக் காயும்வரை பூச்சும் பெயிண்ட்டும் வேண்டாம் என்று சொன்னேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. உள்ளே போய் வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகை வைத்து எடுத்து வந்தார்.

“நீங்களும் வாங்க மேடம். தனியாப் போக எனக்கு மொகமில்ல.”

எனக்கு மட்டும் இருந்ததா? இருந்தாலும் போனேன்.

அண்ணன் ஆணியைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் தம்பி எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது. தம்பி மனைவி எனக்கு நாற்காலி போட்டார்.

“தப்பு என்னோடதுதாங்க,” என்றேன்.

“தப்பாச் சொன்னதுகூட பரவால்லங்க மேடம். அன்னைக்கி ஒரு எட்டு இந்தப் பக்கமும் வந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல?” என்றார் தம்பி மனைவி.

அன்றிலிருந்து பொதுச்சுவர் என்றால், அதைத் தொடுவதற்கு முன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.