குங்குமம் வைத்த ஃபில்டர்

வீட்டுத் தண்ணீர் ஃபில்டருக்கு மணல் கொட்டும்போது, அதன் நடுக்குழாயின் வாயை அரை எலுமிச்சம்பழத்தால் மூடியவன் நான். பழத்தில் குங்குமம் வேறு தடவியிருந்தது. படித்தவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

கோட்டைக்குள் எங்கள் தெருக் கிணறுகளில் இரும்பு அதிகம். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் சற்று நேரத்தில் டீ நிறத்துக்கு வந்துவிடும். என் வேட்டிகள் சந்நியாசத்துக்குப் பாதி வழி போய்விட்டன. நான் சகித்துக்கொண்டேன். மனைவியால் முடியவில்லை. அவள் விசேஷ வீடுகளுக்கு இட்லி செய்து கொடுப்பவள். கொஞ்ச நாளாக இட்லி மஞ்சளித்து வந்தது. "ருசிக்கு ஒரு குறையும் இல்லை, பாக்கத்தான் ஒரு மாதிரி" என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொருவராக நழுவினார்கள். மிஞ்சியது எதிர்வீட்டு மாமி மட்டும்தான். பேரனின் பூணலுக்குக் காலை இட்லி எங்களிடம் சொல்லியிருந்தார். அதுவும் மஞ்சளாகப் போனால் இட்லிப் பானையைப் பரணில் ஏற்றிவிடுவதென்று மனைவி தீர்மானித்திருந்தாள்.

பழவங்காடிப் பக்கம் ஒரு மலையாளியின் கடையில் ஃபில்டர் வாங்கினோம். நீலத் தொட்டி ஒன்று. கூழாங்கல், மணல், இரும்பைப் பிடித்து வைக்கும் கறுப்புக் குருணை என்று சில சாக்குகள். நிரப்புவதற்கு ஆள் அனுப்புகிறேன் என்றார் கடைக்காரர். கொட்டுவதற்கு எதற்கு ஆள் என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அடியில் கூழாங்கல், அதன் மேல் மணல், அதற்கும் மேல் குருணை. நடுவில் அடிவரை இறங்கும் ஒரு குழாய். வடிந்த தண்ணீர் அதன் வழியாகத்தான் மேலேறி வீட்டுக்கு வரும். கொட்டும்போது அதற்குள் மணல் விழக்கூடாது. இதையெல்லாம் படித்து, சாப்பாட்டு வேளைகளில் மனைவிக்கு விளக்கி, அவளுடைய பசியையும் கெடுத்திருந்தேன். குழாயை மூடக் கொடுத்த பிளாஸ்டிக் மூடியைத்தான் காணவில்லை.

புது இயந்திரம் என்பதால் மனைவி எலுமிச்சம்பழத்தை அரிந்து, குங்குமம் தடவி, தொட்டிக்கு இரு புறமும் வைத்திருந்தாள். ஒரு பாதியை எடுத்துக் குழாயில் கவிழ்த்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"ஏன்னா, அது திருஷ்டிக்கு வெச்சதாக்கும்."

"திருஷ்டியும் கழியும், மணலும் விழாது."

கடைசிச் சாக்கைச் சரிக்கும்போது அதன் வாய் குழாயில் இடித்தது. பழத்தைக் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தேன்; கறுப்புக் குருணைதான் தெரிந்தது. போகட்டும், இயற்கைப் பொருள்தானே, தானே மக்கிவிடும் என்று தொட்டியின் தலைப்பாகத்தைத் திருகி மூடி, அதிலிருந்த கைப்பிடியை பேக்வாஷுக்குத் திருப்பினேன். தண்ணீர் கீழிருந்து மேலே பாய்ந்து தூசியை அடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போக வேண்டும். பாயவில்லை. ஒழுகியது. அதுவும் சிவப்பாக.

"பாத்தியா, இரும்பு எப்படிக் கழண்டு வரது" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது என் குங்குமமாக்கும்."

சமையலறைக் குழாயைத் திறந்தோம். இருமியது. கறுப்புத் தண்ணீர் வந்தது, குருணை வந்தது, கடைசியாக ஓர் எலுமிச்சை விதை வந்தது. மனைவி டீ வடிகட்டியை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். ஃபில்டருக்கு ஃபில்டர் வைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"சாரே, பைப்பின்டெ வாய் அடச்சோ?"

"அடைத்தேன்."

"எந்து கொண்டு?"

எதைக் கொண்டு அடைத்தேன் என்பதை எப்படிச் சொல்வது? "நாரங்கா" என்றாள் மனைவி, எலுமிச்சை என்று அவருக்குப் புரியட்டுமென மலையாளத்திலேயே, போனில் கேட்கும்படியாக. அந்தப் பக்கம் அவர் கடையில் இருந்தவர்களுக்கும் அதைச் சொல்வது கேட்டது. பிறகு, "நாளெ ஆளெ விடாம்."

மறுநாள் பூணலுக்கு முந்தின நாள். அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. அன்று மாலைக்குள் அரைத்தாக வேண்டும். கடைக்காரர் அனுப்புவதாகச் சொன்ன ஆட்கள் வந்து தொட்டியைப் படுக்கப் போட்டு எல்லாவற்றையும் வெளியே கொட்டினார்கள். குழாயின் அடிச் சல்லடை முழுக்கக் குருணை அடைத்திருந்தது. உதவிக்குப் போனேன். "சார் கொஞ்சம் தள்ளி நில்லுங்க." தள்ளிப் போனால், அடுப்படியிலிருந்து மனைவியின் பார்வை. அங்கிருந்தும் தள்ளிப் போனேன். எலுமிச்சம்பழம் என்னைவிட நல்ல நிலையில் மீட்கப்பட்டது.

திரும்ப நிரப்பி, ஊறவிட்டு, பேக்வாஷ் திறந்தார்கள். கறுப்பாக வந்தது, சாம்பலாக வந்தது, வந்துகொண்டே இருந்தது. மனைவி ஊறின அரிசியோடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். விளக்கேற்றும் நேரத்தில்தான் தண்ணீர் தெளிந்தது. டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உடனே கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

பூணல் வீட்டில் இலையில் விழுந்த இட்லி மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. யாராவது கேட்டால் இரும்பு எப்படிப் பிடிபடுகிறது என்று விளக்கத் தயாராக, நான் பந்தியோரமாகவே நின்றேன். மனைவி பக்கத்தில் நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

எதிர்வீட்டு மாமி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இட்லி வெள்ளை வெளேர்னு இருந்தது, கேட்டேளா. பாத்தப்பவே தெரிஞ்சுடுத்து, கடையில வாங்கினதாக்கும்னு. பரவால்லை. அந்தத் தண்ணியை வெச்சுண்டு, பாவம், அவளும் எத்தனைதான் பண்ணுவா."