சிவப்புக் காடி மணியம்

அந்தத் தோட்டத்தில் மணியம் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். கோயில் மணியம், டிராக்டர் மணியம், அப்புறம் நம்ம ஆள். பகாவ் டவுன் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, ‘சிவப்புக் காடி மணியம் வீடு எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள், சரியாக வழி சொல்வார்கள். முப்பத்தொரு வருஷம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய மனுஷன் அவர். அந்த லாரியை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. சொந்தக் காரை, ஊர்ப் பேச்சில் காடியை, துடைத்தே பேர் வாங்கிவிட்டார்.

துடைப்பது என்றால் சும்மா மேலாக்கத் துடைப்பது இல்லை. சனிக்கிழமை காலையில் பசியாறிய கையோடு ஒரு வாளித் தண்ணீர், பழைய பனியன் துணி, பாலிஷ் போடும் காம்பவுண்ட் ஒரு டப்பா என்று வாசலுக்கு வந்துவிடுவார். பானெட்டில் ஆரம்பித்தால் பின்பக்கம் போய்ச் சேரும்போது உச்சி வெயில் ஏறியிருக்கும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆள்களை வேலை வாங்கிய மண்டோர், பக்கத்து வீட்டுச் சன்னாசிக்கு இதைவிட வேறு பொழுதுபோக்கு கிடையாது.

“என்னா மணியம், காடியப் பொண்ணு பாக்க வராங்களா?”

“ஒங்க வேலயப் பாருங்க மண்டோரே.”

“எனக்கு ஏது லா வேல? ஒன்னயப் பாக்குறதுதான் வேல.”

மணியம் துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார். இந்தப் பாடெல்லாம் காருக்காக இல்லை என்பதைச் சன்னாசியிடம் அவர் சொன்னதே இல்லை. முத்தாயிக்காகத்தான்.

கார் வாங்கப் போன அன்றைக்கு விற்பவன் தலைபாடாக அடித்துக்கொண்டான். வெள்ளை எடுங்கள், சூடு ஏறாது, நம்ம ஊர் வெயிலுக்குச் சிவப்பு சீக்கிரம் வெளுத்துப் போகும் என்று எவ்வளவோ சொன்னான். முத்தாயி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “வெள்ளயா? ஆஸ்பத்திரி காடி மாதிரியா? செவப்பு எடுங்க.” எடுத்தாயிற்று. அது ஆச்சு இருபத்தாறு வருஷம்.

முத்தாயியின் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய காலத்தில் அவளுக்கு ஈடு யாரும் கிடையாது. காய்ந்த மட்டைக்கு அடியில் ஒளிந்து கிடக்கும் ஒற்றைப் பழம்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட கண்ணைத்தான் இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, வந்து கெடுத்தது, பாவி நோய்! ஆளையும் மரத்தையும் நிழல் மாதிரி தெரிந்துகொள்வாள், முகம் தெரியாது. “பொகைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குங்க. செவப்பு மட்டும் பளிச்சுனு தெரியுது” என்றாள் ஒரு நாள். மணியம் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகாவ் பசாருக்குப் போவார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால் முத்தாயிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “நான் என்னா கொழந்தையா? நீங்க காடிகிட்டயே நில்லுங்க.” பழகிய கடைகள், பழகிய தரை. மீனும் கங்குங் கீரையும் தானே விலை பேசி வாங்கிக்கொண்டு, பின்பக்க வழியாக வெளியே வந்து, நேராகக் காருக்கு நடந்து வருவாள். அந்த முப்பது அடியை அவள் நடந்து வருகிற வரைக்கும் மணியத்துக்கு மூச்சு நிற்காத குறைதான். சிவப்பு இருக்கிற மட்டும் முத்தாயி தன் காலில் நடப்பாள், சிவப்பு வெளுத்தால் வீட்டோடு உட்கார்ந்துவிடுவாள். அவருடைய பயம் அது. அதற்காகத்தான் சனிக்கிழமை தேய்த்ததெல்லாம். பசாரில் காத்து நிற்கிற நேரத்திலும் கை சும்மா இருக்காது, காய்ந்த துணியால் கதவைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஆனால் பாருங்கள், இவர் தேய்க்கத் தேய்க்க கார் வெளுத்துக்கொண்டே போயிற்று. இரண்டு நாளைக்குச் சிவப்பு பளபளக்கும், மூன்றாம் நாள் மேலே சுண்ணாம்புத் தூள் பூத்தாற்போல் ஆகிவிடும். கூரை ரோஸ் மிட்டாய் நிறத்துக்கு வந்துவிட்டது. பானெட் ஓரத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்ததும் மணியம் பதறிப்போய், பகாவில் பெயிண்ட் அடிக்கும் திருநாவுக்கரசிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

திருநாவுக்கரசு காரை ஒரு சுற்றுச் சுற்றினான். “யாருண்ணே இப்படிப் பண்ணது?”

“வெயிலு.”

“வெயிலு பாதி. மீதி?” சீட்டில் கிடந்த துணியை எடுத்து விரித்துக் காட்டினான். “இது ஏன் செவப்பா இருக்கு?”

“அழுக்கு தம்பி.”

“எந்த ஊர்லண்ணே அழுக்கு செவப்பா இருக்கும்? இது ஒங்க காடியோட பெயிண்டு. பழைய பெயிண்டு இது, மேல வெயிலு தாங்குற கிளியர் கோட் கெடையாது. காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சா வெளுத்த தோலு உரிஞ்சி உள்ள இருக்கிற செவப்பு வரும். நீங்க பாத்துச் சந்தோசப்படுவீங்க. அடுத்த வாரம் அதையும் வெயிலு வெளுக்கும், நீங்க அதையும் உரிப்பீங்க. இப்ப உரிக்க ஒன்னும் மிச்சமில்ல.”

மணியம் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை வருஷமும் தன் கையாலேயே கரைத்திருக்கிறார்! அந்தத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குப்பையில் போட மனசு வரவில்லை.

முழுசாக அடித்துத் தரச் சொன்னார், அதே சிவப்பு, மேலே கிளியரும் சேர்த்து. பத்து நாள் கழித்துச் சாவியைக் கொடுக்கும்போது திருநாவுக்கரசு ஒரு சின்னப் பிரசங்கமே செய்தான். ஒரு மாதம் எதையும் பூசக் கூடாது, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு போதும். வெறும் தண்ணீரும் சோப்பும் போட்டு அலசி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காக்கா எச்சம் பட்டால் அப்போதே கழுவிவிட வேண்டும். ஈரத்தோடு கித்தான் போட்டு மூடக் கூடாது. எங்கே போனாலும் நிழல் பார்த்து நிறுத்த வேண்டும். “முக்கியமா ஒன்னு, காஞ்ச துணிய எடுத்துக்கிட்டுத் தேய்க்காதீங்க. கைய மடக்கி வச்சிக்கிட்டு ஒக்காருங்கண்ணே, அது போதும்.”

மணியம் ஒன்று விடாமல் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் நாலு கம்பம் நட்டுத் தகரக் கொட்டகை போட்டார். சன்னாசியே வந்து தகரம் பிடித்தார், வாயை மட்டும் மூடவில்லை. “மருமவனுக்குக்கூட யாரும் இவ்ளோ செய்ய மாட்டாங்க லா!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசாரில், வழக்கமாக நிறுத்தும் இடத்தில் வெயில் காய்ந்தது. மணியம் காரைக் கொஞ்சம் தள்ளிச் சுவரோர நிழலில் நிறுத்தினார். “இன்னிக்குச் செவுத்தோரம் நிக்கிறேன் முத்தாயி. செவப்பப் பாத்து வந்துரு, புது செவப்பு, கண்ணப் பறிக்குது!” என்றார். முத்தாயி “ம்” என்று சொல்லிவிட்டுக் கூடையோடு போனாள். மணியம் கையை மடக்கி வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். வாசலில் நின்றாள். தலையை லேசாகச் சாய்த்தாள். பிறகு நடந்தாள், சுவரோரத்துக்கு இல்லை, பழைய இடத்துக்கு. அங்கே ஒரு வெள்ளைப் பிக்கப் நின்றது. மலாய்க்காரர் ஒருவர் காய்ந்த துணியால் அதன் கதவைக் கரக் கரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தார். முத்தாயி நேராக அவரிடம் போய்க் கூடையை நீட்டி, “இந்தாங்க புடிங்க, கை வலிக்குது” என்றாள்.

“மக்சிக், இது உங்க கெரெத்தா இல்ல லா, என் காடி” என்றார் அவர், நல்ல மனுஷன், சிரிக்காமல்.

மணியம் ஓடிப்போய்க் கூடையை வாங்கினார். முத்தாயியின் முகம் செத்துப்போயிருந்தது. காரில் ஏறிக் கீரைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளை வண்டியைச் சிவப்பு என்று நினைத்து ஒருத்தி போவாளா? மணியம் அவள் பக்கம் திரும்பினார்.

“எத்தன நாளா?” என்றார்.

“என்னா எத்தன நாளா?”

“செவப்பு தெரியாம.”

அவள் கீரைக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். “போன தீபாவளிக்கு முன்னயே போயிருச்சுங்க. எல்லாம் சாம்பலாத்தான் இருக்கு.”

“பின்ன எப்பிடி நேரா வந்த, வாரா வாரம்?”

“நீங்கதான் துணியும் கையுமா நிப்பீங்களே. கரக் கரக்குனு கேக்கும். அதப் புடிச்சிக்கிட்டே வந்துருவேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்னா முத்தாயி?”

“எப்பிடிச் சொல்றது? முதுகு ஒடியத் தேய்ச்சிட்டு வந்து, ‘பாரு, இப்ப எப்பிடி இருக்கு’ன்னு முன்னால நிப்பீங்க. தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?”

மணியம் அழுதுவிட்டார். அறுபத்து மூன்று வயது ஆம்பிளை, பசாருக்குப் பின்னால், பட்டப்பகலில், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். போன தடவை கண் டாக்டரம்மா கேட்டபோது, “செவப்பெல்லாம் நல்லாத் தெரியுது டாக்டர்” என்று முந்திக்கொண்டு பதில் சொன்னதும் அவர்தான். முத்தாயி தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்தத் தடவை மணியம் வாயைத் திறக்கவில்லை, முத்தாயியே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். போன நிறம் திரும்பாது, இருக்கிற வெளிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று ஊசிக்குத் தேதி கொடுத்தார்.

“இனிமே பசாருக்குள்ள நானும் கூட வரட்டா?” என்று மணியம் சனிக்கிழமை கேட்டுப் பார்த்தார்.

“வேணாம்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுவரோர நிழலில் காரை நிறுத்தி, மணியம் இறங்கினார். புதுப் பெயிண்ட் பக்கம் கை போகவில்லை. நேற்றைய பேப்பரைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, முன்கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கு வெளுக்கவும் தெரியாது, உரியவும் தெரியாது. எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். கீச் கீச்சென்று பசார் முழுக்கக் கேட்கிற மாதிரி தேய்த்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

முத்தாயி வெளியே வந்தாள். நின்றாள். தலையைச் சாய்த்தாள். பழைய இடத்துப் பக்கம் திரும்பியிருந்த கால் மெதுவாகச் சுவரோரத்துக்குத் திரும்பியது. மணியம் கையை நிறுத்தவில்லை. கூடையும் கையுமாக முப்பத்தைந்து அடி அவளே நடந்து வந்து, காரின் கதவைத் தொட்டாள்.

“சத்தம் மாறியிருக்கே. புதுப் பெயிண்டத் தேய்க்கிறீங்களா?”

“இல்ல முத்தாயி. கண்ணாடிதான்.”

“ம். பெயிண்டத் தொடாதீங்க” என்றாள். “செவப்பு போயிரும்.”