கலங்கல் இறங்கிய நாள்

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் நான். பிறகுதான் ஊர்க் குடிநீர் நிலையத்தில் மோட்டார் போட, வால்வு திருப்ப என்று வேலைக்குச் சேர்ந்தேன். கண்மாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சின்ன நிலையம். சுவரோரம் ஆளுயரக் குழாய்கள் நிற்கும். உள்ளே சேமியா மாதிரி வெள்ளை இழைகள் கட்டுக்கட்டாக இருக்கும். தண்ணீரை வடிகட்டும் சவ்வு என்பது அந்த இழைகள்தான். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். தண்ணீர் நுழையும், கிருமி நுழையாது. அதை நம்பவே எனக்கு வெகுநாள் ஆனது.

கோடையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தபோது வந்தது வினை. தண்ணீர் பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தது. அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போக, மறுபக்கம் தண்ணீர் நூலாக இளைத்தது. சவ்வைக் கழுவிவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், மறுபடியும் அடைக்கும். கடைசியில் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

"கண்மா நெறஞ்சு கெடக்கு, கொழாயில காத்துதான் வருது. அங்கன நீ என்னதான் பண்ணுத?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டாள். அன்றைக்கே இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

காரியாபட்டியிலிருந்து பஸ் பிடித்து இன்ஜினியர் வந்தாள். என்னைவிட இளையவள். அவள் என்னை அக்கா என்பாள், நான் மேடம் என்பேன். இருவருமாக ஒரு குழாயைக் கழற்றினோம். இழைகள்மேல் சந்தனம் அப்பியதுபோல வண்டல்.

"சவ்வு மேல குத்தம் இல்லக்கா. சேத்தக் கொண்டுபோயி நேரா அதுமேல தள்ளுதோம். அதுக்கு முன்னாடியே கலங்கல எறக்கிரணும்."

"படிகாரம் போட்டுக்கிட்டுதான மேடம் இருக்கோம்?"

"போடுதோம். புடிக்கலையே."

மேஜைமேல் கண்ணாடி ஜாடிகளை வைத்து, கண்மாய்த் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு படிகாரம் கலக்கினோம். எதுவும் தெளியவில்லை. கூடுதலாகப் போட்டது இன்னும் மோசம். அவள் அமிலம் காட்டும் சோதனைத் தாளை முக்கி, மாறிய நிறத்தைப் பார்த்தாள்.

"பாத்தீகளா, தண்ணி புளிச்சுப்போச்சு. புது மழைத்தண்ணி படிகாரத்தத் தாங்காது. புளிப்ப முறிக்கச் சுண்ணாம்பு கெடைக்குமா?"

தெருமுனை வெற்றிலைக் கடையில் வாங்கி வந்தேன். புதிதாக ஒரு ஜாடி ஊற்றி, சுண்ணாம்பைத் துளி கரைத்துவிட்டு, படிகாரம் போட்டோம். முதலில் வேகமாகவும் பிறகு மெல்லவும் கலக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தண்ணீருக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ தோன்றியது. புள்ளிகள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டின. பஞ்சுப் பிசிறுபோலப் பருத்து, அவசரமில்லாமல் கீழே இறங்கின. ஜாடிக்குப் பின்னால் நின்ற அவள் விரல்கள் எனக்குத் தெரிந்தன.

"இம்புட்டு நேரம் ஏன் மேடம் தனித்தனியா அலைஞ்சுச்சு?"

"மண்ணுத்தூசி ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும்க்கா. படிகாரம் அந்தத் தள்ளல எடுத்துருது."

சுண்ணாம்பையும் படிகாரத்தையும் அதே அளவில் பெரிய தொட்டிக்குக் கணக்குப்போட்டுக் கலந்தோம். தெளிந்த தண்ணீரை மணல் வடிகட்டியில் விட்டு, அதன்பிறகே கழுவி மாட்டிய சவ்வுக்கு அனுப்பினோம். முள் ஏறவில்லை. அன்று சாயங்காலமே தெருக்குழாய்களில் தண்ணீர் வந்தது.

அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனபின் தொட்டி விளிம்பில் நின்று குனிந்து பார்த்தேன். காலையில் கையை விட்டால் கை தெரியாத தண்ணீர். இப்போது அடியில் வண்டல் மெத்தைபோலப் படிந்திருந்தது, அதற்குமேல் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் எண்ணமே வராமல் அங்கேயே நின்றிருந்தேன்.