தெரிந்து குதித்தது ஒரு தடவை

மாஸ்டருக்கு வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருமன். பேன்ட் தைக்கக் கொடுத்தால் டெய்லர் இரண்டு காலையும் தனித்தனியாக அளவெடுப்பார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை இருபத்துநாலு வருஷம் மிதித்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து எழுதவில்லை.

அந்த டிரைவிங் ஸ்கூலில் எனக்குப் பதினோரு வருஷமாக மேஜை வேலை. சாவி போடுகிற கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் நானும், சுவர் நிறைய சாலைக் குறிகளும். உள்ளறையில் முதலாளி. முதலாளி மாஸ்டருடைய மனைவிக்கு அண்ணன். மாஸ்டர் அவரை மச்சான் என்பார், அவர் மாஸ்டரை மாப்ள என்பார். சம்பள உயர்வு பேச்சு வந்தால் மட்டும் இருவரும் சார் போட்டுக்கொள்வார்கள்.

மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போதே எங்கள் கார்கள் இரண்டு மரங்களில் மோதியிருக்கின்றன, ஒரு பஸ் நிறுத்தத்தில் மோதியிருக்கின்றன, ஒரு தடவை டிராபிக் போலீஸ்காரர் நிற்கிற மேடையிலும் ஏறியிருக்கின்றன. போலீஸ்காரர் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தார். இதையெல்லாம் மாஸ்டர் ஆபத்து என்று சொல்லமாட்டார். வேலை என்பார்.

ஒரு நாள் சேர வந்த ஒரு அம்மாள் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'குதிப்பது' என்று எழுதினார். முப்பத்தெட்டு வயது, ஒட்ட வெட்டிய முடி.

"எங்கேங்க குதிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பிளேன்ல இருந்து."

நகரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன விமான மைதானம் இருக்கிறது. ஆசைப்பட்டு வருகிறவர்களைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் இறங்குவது அவர் வேலை. அதுவரை இரண்டாயிரத்து முந்நூறு தடவை குதித்திருந்தார். கார் ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தார். அன்றையிலிருந்து அவர் எங்களுக்குப் பாராசூட் மேடம்.

முதல் நாள் ரவுண்டானாவில் மேடம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

"மேடம், கண்ணைத் திறங்க."

"திறந்தா லாரி தெரியுது மாஸ்டர்."

"மூடிக்கிட்டாலும் லாரி அங்கதான் இருக்கும்."

மேடம் திறந்தார். ஸ்டீயரிங் வேர்வையில் வழுக்கியது. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு மாஸ்டர் கேட்டார்: "அவ்ளோ உயரத்துல இருந்து குதிக்கிறீங்க. இதுக்குப் போய் ஏன் பயப்படறீங்க?"

"மேல எனக்கு எதிர்ல யாரும் வர்றதில்ல. ஒரு பாராசூட் விரியலன்னா இன்னொண்ணு இருக்கு. நான் மயக்கம் போட்டுட்டாலும் அது தானா விரியறதுக்கு ஒரு கருவி இருக்கு. இங்க என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்."

"லைசென்ஸ் வாங்கினப்புறம்?"

மாஸ்டர் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். சாயங்காலம் என்னிடம் வந்து, "ஏம்மா, லைசென்ஸ் வாங்கினப்புறம் என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் சுவரிலிருந்த குறிகளைக் காட்டினேன். அது அவருக்குப் போதவில்லை.

ஆகாயத்திலிருந்து குதிக்கிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை என்றுதான் அதுவரை மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் ஒரு நீளமான சிக்னலில் அதை மேடமிடமே கேட்டுவிட்டார்.

"லட்சம் தடவை குதிச்சா ஒரு சாவு கூட வராது மாஸ்டர். அதுக்கும் கம்மி."

"அப்போ கார் ஓட்டறதை விட இது தேவலையா?"

"எங்க ஆபீஸ் போஸ்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு. எனக்கு அது பிடிக்கல. ஒரு தடவை கடைக்கு கார்ல போயிட்டு வர்றதையும் ஒரு தடவை குதிக்கிறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, குதிக்கிறதுதான் ஆபத்து, சந்தேகமே இல்ல. ஒரு குதி சுமாரா ஆயிரம், ரெண்டாயிரம் கிலோமீட்டர் கார்ல போறதுக்குச் சமம்னு வெச்சுக்கலாம். ரோடு மோசமா இருந்தா அதைவிடக் கம்மி தூரத்துலயே அந்தக் கணக்கு வந்துடும். விஷயம் என்னன்னா, ஜனங்க ஆயுசுல ஒரு தடவை குதிக்கிறாங்க. கார்ல தினமும் போறாங்க."

சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாஸ்டர் கவனிக்கவில்லை. மேடமுடைய பயிற்சி அட்டையைத் திருப்பி அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். மாதம் இருபத்தாறு நாள். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

"அப்போ நான் மாசம் ஒரு தடவை குதிச்சுக்கிட்டிருக்கேன்."

"ஆமா மாஸ்டர். அதுவும் பாராசூட்டை முதல் தடவை தொடறவங்க கையில குடுத்து."

இருபத்துநாலு வருஷத்துக்கு இருநூற்று எண்பத்தெட்டு. மாஸ்டர் அந்த எண்ணை என் மேஜைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்தார். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "இத்தனை தடவை தெரியாம குதிச்சிருக்கேன். ஒரு தடவை தெரிஞ்சு குதிக்கணும்மா."

மாஸ்டருடைய மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். எழுத்துப் பலகையைக் காட்டி எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று கேட்கிற வேலை. விஷயத்தைக் கேட்டதும் அவர் சத்தம் போடவில்லை. "உங்களுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார்.

"நாற்பத்தொன்பது."

"சும்மா ஞாபகப்படுத்தினேன்." சற்றுப் பொறுத்து, "வெங்காயம் தீர்ந்துபோச்சு" என்றார். மாஸ்டர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பக்கத்துத் தெருதானே என்று ஹெல்மெட் போடவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையில் அவருக்கே உறைத்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

முதலாளிதான் குதித்தார், தரையிலேயே. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தங்கச்சி கதி என்ன மாப்ள? ஸ்கூல் கதி என்ன?" இரண்டில் எது அவருக்குப் பெரிய கவலை என்று எனக்குத் தெரியவில்லை. தடுக்க முடியாது என்று தெரிந்ததும், தானே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "கடைசியா ஒரு தடவை நான் பக்கத்துல இருக்கணும்" என்றார்.

ஞாயிறு காலை முதலாளி ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில், மனைவி பின்னால். முதலாளி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரே தவிர, அதில் படித்தவர் இல்லை. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் போன். போனில் யாரிடமோ, "ஆமாங்க, எங்க மாப்பிள்ளைதான், சொன்னா கேக்க மாட்டேங்கறார், உயிரோட விளையாடறார்" என்று சொல்லிக்கொண்டே ஒரு டேங்கர் லாரியை முந்தினார்.

"மச்சான், முன்னால பாருங்க."

"நீ சாகப்போறவன். நீ எனக்கு ரோடு சொல்றியா?"

பின்னால் மனைவி கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். பிற்பாடு நான் கேட்டபோது, மதியம் அவர் குதிக்கப்போவதற்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். காலையைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

மைதானத்தில் ஒரு தகரக் கொட்டகை. மேடம் ஒரு படிவத்தை நீட்டினார். பதினாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் மாஸ்டர் சத்தமாகப் படிக்க வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். நான் இதில் இறக்கலாம் என்று முதல் பக்கத்தில் இருந்தது. எலும்பு முறியலாம் என்று இரண்டாவதில். கருவிகள் பழுதாகலாம், நான் தவறு செய்யலாம், என்னோடு குதிப்பவரும் தவறு செய்யலாம். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: விமானத்தின் கதவு வரைக்கும் போய்விட்டும் வேண்டாம் என்று சொல்லலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மாஸ்டர் பதினாலு கையெழுத்தும் போட்டார். எங்கள் ஸ்கூல் படிவம் ஒரு பக்கம். பெயர், விலாசம், போட்டோ.

அரை மணி நேரம் தரையில் படுத்துப் பழகினார்கள். பிறகு பட்டைகளைக் கட்டினார்கள். மேடம் ஒவ்வொரு கொக்கியையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். விமானத்தில் ஏறி, உயரத்துக்குப் போனபிறகு நாலாவது தடவையும் பார்த்தார். ரவுண்டானாவில் கண்ணை மூடிய அதே மனுஷி என்று நம்பவே முடியவில்லை என்றார் மாஸ்டர். மேடமுடைய கை வேர்வையே இல்லாமல் காய்ந்திருந்ததாம்.

கதவு திறந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்ததாக மாஸ்டர் என்னிடம் ஒப்புக்கொண்டார். காற்று வாய்க்குள் போனதில் சொல்ல வந்தது மறந்துவிட்டது. அடுத்த நொடி அவர்கள் வெளியே இருந்தார்கள்.

ஐம்பது விநாடி. அந்த ஐம்பது விநாடியும் மாஸ்டருடைய வலது கால் நீட்டியபடியே விறைத்திருந்தது. பாராசூட் விரிந்து சத்தம் அடங்கியதும் மேடம் காதோரம் சொன்னார்: "காலை எடுங்க மாஸ்டர். அங்க ஒண்ணும் இல்ல."

அப்புறம் ஐந்தாறு நிமிஷம் மெதுவாக மிதந்தார்கள். கீழே நெடுஞ்சாலை தெரிந்தது. மாஸ்டர் தினமும் போய்வருகிற சாலையின் தொடர்ச்சிதான் அது. அதில் வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக, நடுவில் ஒரு விரல்கூட நுழையாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்க வண்டிகளுக்கும் இந்தப் பக்க வண்டிகளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் இருந்தது. பெயின்ட் கோடு. அதை நம்பி அத்தனை பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் மாஸ்டருக்கு அன்றைக்கு நிஜமான பயம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததையும் சொன்னார். குதிப்பதற்கு மாட்டிவிட்ட கண்ணாடியின் இடுக்கில் காற்று புகுந்திருக்கும் என்று அவரே காரணமும் சொன்னார்.

புல்தரையில் உட்கார்ந்தவாக்கில் வந்து இறங்கினார்கள். மனைவி நடந்து வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "சட்டையெல்லாம் புல்லு" என்று தட்டிவிட ஆரம்பித்தார். புல் போனபிறகும் ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மாஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேர வழிக்கு நாலு மணி நேரம் ஆனது. ஒரு சைக்கிள் அவர்களை முந்தியது என்று முதலாளி இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

மறுநாள் காலை மாஸ்டர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "ஏம்மா, ஒரு படிவம் டைப் அடிக்கணும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'கார் ஓட்டும்போது நான் இறக்கலாம். என்னால் இன்னொருவரும் இறக்கலாம். இதைப் படித்தேன். புரிந்தது.' கீழே கையெழுத்து.

முதல் வாரம் சேர வந்தவர்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் படித்துவிட்டு எழுந்து போனார்கள். மகளைச் சேர்க்க வந்த ஒரு அப்பா படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏங்க, வாயைக் கழுவிட்டு எழுதக் கூடாதா?" என்று என்னைத் திட்டினார். திட்டிவிட்டுத் தன் பைக்கில் மகளைப் பின்னால் உட்காரவைத்து, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன்.

முதலாளி உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். "மாப்ள, நாம கார் ஓட்டக் கத்துக்குடுக்கறோமா, ஆள் விரட்டறோமா?"

"பொய்யா எதாவது எழுதியிருக்கா மச்சான்?"

"உண்மைங்கறதுக்காக எல்லாத்தையும் வாசல்லயே வெப்பாங்களா?"

இரண்டு நாள் இருவரும் சார் போட்டுப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. படிவம் சேரும்போது வேண்டாம்; தேர்வுக்கு முந்தின நாள் காருக்குள் என்ஜினை அணைத்துவிட்டு, சத்தமாகப் படிக்கவைத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்பது முதலாளியின் கணக்கு. படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு பையனை மாஸ்டர் மூன்று தடவை திருப்பிப் படிக்கவைத்தார். ஒரு கால்நடை டாக்டர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என் மனைவிக்கும் ஒரு காப்பி கிடைக்குமா, அவதான் வேகமா ஓட்டுவா" என்றார்.

பாராசூட் மேடமுடைய முறை வந்தது. படித்தார். "ஒண்ணு விட்டுட்டீங்களே மாஸ்டர். எங்களோடதுல கடைசிப் பக்கம்."

மாஸ்டருக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் நான் இன்னொரு வரி சேர்த்தேன். 'பயமாக இருந்தால் எந்த நேரத்திலும் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.'

மறுநாள் தேர்வில் மேடம் ரவுண்டானாவுக்குச் சற்று முன்னால் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தினார். தேர்வு எடுத்த இன்ஸ்பெக்டர் ஏன் என்று கேட்டார். பயமாக இருக்கிறது என்றார் மேடம். மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி எடுத்து, ரவுண்டானாவைச் சரியாகச் சுற்றி வந்தார். காரணமில்லாமல் நிறுத்தியதாக எழுதி இன்ஸ்பெக்டர் அவரைத் தோற்கடித்தார். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தினார். அன்றைக்கு வேறு இன்ஸ்பெக்டர். நிதானமாக ஓட்டுகிறார் என்று எழுதித் தேர்ச்சி போட்டார். இப்போது மேடம் தன் காரிலேயே மைதானத்துக்குப் போகிறார். போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிஷம் காரிலேயே உட்கார்ந்திருப்பாராம். அதற்கப்புறம்தான் வேலைக்கு.

எங்கள் மாணவர்கள் இதனால் எல்லாரும் ஒழுங்காக ஓட்டுகிறார்களா என்றால், எனக்குத் தெரியாது. லைசென்ஸ் வாங்கியபிறகு யாரும் எங்களிடம் வருவதில்லை. கையெழுத்துப் போட்ட படிவங்களின் பைல் மட்டும் தடிமனாகிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. முதலாளி அதில் எழுந்து, தான் யோசித்து ஒரு படிவம் கொண்டுவந்திருப்பதாகப் பேசினார். கைதட்டினார்களாம். இரண்டு ஸ்கூல்களில் அதை அப்படியே எடுத்து அச்சடித்துவிட்டார்கள். ஒன்றில் அச்சுப்பிழை. 'கார் ஓட்டும்போது நான் இறங்கலாம்' என்று இருந்தது.

நான் அதை மாஸ்டரிடம் காட்டினேன். போன் பண்ணித் திருத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"விடும்மா," என்றார். "அதையும் தெரிஞ்சுக்கட்டும்."

கீழே பாடத்துக்கு அடுத்த ஆள் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் இறங்கிப் போனார்.