எங்கள் வட்டத்தில் ஒரு ஓட்டும் விழாது

எங்கள் வட்டத்துக் கட்சி அலுவலகத்தில் உலகத்தின் எல்லாப் பிரச்சினைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிறகு பிரியாணிக்குப் போவார்கள். திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. கன்டெய்னர் லாரிகள் கக்கும் புகையில் உள்ளே மாட்டியிருக்கும் தலைவர் படங்களெல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. அங்கே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே என் மேல் மரியாதை குறைகிறது.

என் வேலை ஓட்டர் லிஸ்ட். வாரத்தில் ஆறு நாள் கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர்களைச் சரிபார்ப்பேன். ஏழாம் நாள் மனிதர்களைச் சரிபார்ப்பேன். லிஸ்டோடு வீடு வீடாகப் போக வேண்டும். நம்ம ஆள் என்றால் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக். எதிர்க்கட்சி என்றால் ஒரு சுழி. செத்துப்போனவர் என்றால் ஒரு கோடு. சிரித்துச் சிரித்துப் பேசியும் பிடி கொடுக்காதவர் என்றால் ஒரு கேள்விக்குறி. நம்ப முடியாத ஆள் என்று அர்த்தம். கல்யாணமாகிப் போன பெண், மாத்தூருக்கு வீடு மாறிய குடும்பம், அண்ணன் தம்பி சண்டையில் உடைந்த ஓட்டு எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் போட்ட மார்க் தப்பியதே இல்லை என்று வட்டச் செயலாளரே மேடையில் சொல்லியிருக்கிறார். மேடையில் அவர் உண்மை பேசியது அந்த ஒரு முறைதான்.

என் வீட்டுக் கதவு எண்ணுக்கு நேரே லிஸ்டில் இரண்டு பெயர்கள். இரண்டும் ஆண். இரண்டுக்கும் வேறு வேறு தகப்பன் பெயர். ஒன்று நான், இன்னொன்று அவன். அவன் ராயபுரத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, ரயில்வேயில் ஃபிட்டர். நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கிப் பதினான்கு வருஷமாகிறது. எனக்கு நாற்பத்தெட்டு, அவனுக்கு நாற்பத்தைந்து; கீழ்வீட்டு அம்மாவுக்கு நாங்கள் இன்னும் ‘மாடியில இருக்கிற பேச்சிலர் பசங்க’. தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிப்பதில் எங்கள் தெரு கைதேர்ந்தது, அதில் நான் சீனியர். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் இரண்டு பெயருக்கும் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த முறை கவுன்சிலர் சீட்டு எனக்குத்தான் என்று செயலாளர் வாயைத் திறந்து சொல்லியிருந்தார். சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் பிரெட் மூட்டை சுமந்தவன் நான். படகில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர் அவர். இத்தனை வருஷ உழைப்புக்கு அந்தச் சீட்டு எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு டிவியில் ஒரு வெளிநாட்டுத் தலைவரைக் காட்டினார்கள். தேர்தலில் ஜெயித்து, தன் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். தலைவரும் ஆண்தான்.

“இன்னா நைனா இது, ரெண்டும் ஆம்பளையா கீது?” என்றார் பொருளாளர்.

“அங்கெல்லாம் அப்டித்தான். நம்மூர்ல பிரதமரு சீட்டுக்கு இந்த மாதிரி ஆளு நின்னா இன்னா ஆவும்?” என்றான் இளைஞரணிக்காரன்.

“பிரதமரா? இங்க கவுன்சிலருக்கு நின்னாலே டெபாசிட் பூடும்” என்றார் செயலாளர். “குடும்பம் இல்லாதவனுக்கு எவன்பா ஓட்டு போடுவான்?”

இதைச் சொன்னவருக்குக் குடும்பம் இரண்டு. ஒன்று காலடிப்பேட்டையில், ஒன்று எண்ணூரில். தேர்தல் வந்தால் இரண்டு மனைவிகளும் ஆளுக்கொரு தெருவில் ஓட்டுக் கேட்டுப் போவார்கள். மற்ற கட்சிக்காரனுக்கு இந்த வசதி உண்டா என்று மீசையைத் தடவிக்கொள்வார். பொருளாளர் பெண்டாட்டியை அடித்து போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்தவர். இந்த ஒழுக்கசீலர்கள்தான் நாட்டுத் தலைவனின் படுக்கையறைக்குச் சான்றிதழ் தர உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் டிவியில் விவாதிக்கிறார்கள், தன்பாலீர்ப்பாளர் என்று பத்திரிகைகள் நீளமாக ஒரு சொல் எழுதுகின்றன, இப்படி ஒரு பிரதமருக்கு இந்தியா தயாரா என்று கேட்கிறார்கள். தில்லிக்குப் போகிற எவனும் முதலில் இப்படி ஒரு தகரக் கொட்டகைக்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். அதன் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அந்தக் கோட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “லிஸ்டு கையில வெச்சினு குந்திகினு கீறான் பாரு, அவனாண்ட கேளுங்க. நீ சொல்லு மாமு. அந்த மாதிரி ஒருத்தன் நின்னா நம்ம வட்டத்துல எத்தினி ஓட்டு வுழும்?”

விளையாட்டுக்குக் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரியான பதில் தெரியும். மகன் இப்படித்தான் என்று தெரிந்தும் அவனை வீட்டை விட்டு அனுப்பாத ஒரு லாரி டிரைவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். எவனாக இருந்தால் என்ன, சாக்கடையை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு என் ஓட்டு என்று சொன்ன மீன்காரம்மா இருக்கிறார். தெருவுக்கு நாலைந்து வீடாவது தேறும். ஜெயிக்க முடியாது, ஆனால் டெபாசிட் போகாது. நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னேன்.

“ஒண்ணு கூட வுழாது.”

கொட்டகை சிரித்தது. எல்லோரையும் விட நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் வாசலில் அவன் நிற்கிறான். சர்ச்சில் பூசை முடித்து, மீன் வாங்கிக்கொண்டு, என்னை வண்டியில் கூட்டிப்போக வந்திருந்தான். கையில் பை சொட்டிக்கொண்டிருந்தது.

“வா தோஸ்து, உன் ரூம்மேட்டு செம ஆளுப்பா” என்றார் செயலாளர். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து மீனை அலசிக் குழம்பு வைத்தான். எனக்கும் போட்டான். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில்தான் கேட்டான்.

“ஒண்ணு கூட வுழாதுன்னியே. அப்போ என்னுது?”

“அவனுங்களுக்காவ சொன்னேன்டா. சீட்டு கைக்கு வர்ற நேரம்.”

“என்னுது வுழும்டா. நீ நின்னாலும் வுழும், நம்ம மாதிரி எவன் நின்னாலும் வுழும். உன்னுது?”

நான் தட்டில் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

சீட்டு எனக்கு வரவில்லை. செயலாளரின் எண்ணூர் மனைவியின் தம்பிக்குப் போனது. அவர் குடும்பஸ்தர், ஜனங்கள் அதைத்தான் பார்ப்பார்கள் என்று என்னையே கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்கள். காறித் துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு புது வேட்பாளருக்காக லிஸ்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் என்னை எப்படிப் பழக்கியிருக்கிறார்கள் பாருங்கள்.

எங்கள் தெருவில் நின்று பக்கத்தைப் புரட்டினேன். எங்கள் கதவு எண்ணுக்கு நேரே அவன் பெயரில் நான் போட்ட டிக் அப்படியே இருந்தது. என் பெயரில் இருந்த டிக்கை அடித்துவிட்டு, என் சிவப்புப் பென்சிலாலேயே பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

திருத்துவதற்குப் பென்சிலை எடுத்தேன். அது சரியான மார்க். அப்படியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.